தென்னாப்பிரிக்காவுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு: அடுக்களை, அக்கம்பக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாக ஜொகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் பக்கம் வரும் குடும்பங்கள் முதல் ஆறு மாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பாதிக்கும் மேல் சமையல் பற்றியவை. அதில் வியப்பில்லை. ஊர் மாறியதை முதலில் சொல்வது இட்லி மாவுதான்.

ஊரிலிருந்து என்ன கொண்டு வர வேண்டும்?

அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி எதுவும் வேண்டாம். ஜொகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க், லெனேசியா, பிரிட்டோரியாவில் லாடியம், டர்பனில் விக்டோரியா தெரு சந்தை, சாட்ஸ்வர்த், வெருலம் ஆகிய இடங்களில் உளுந்து முதல் பெருங்காயம் வரை கிடைக்கும். பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தில் இட்லித் தட்டு, குக்கருக்கு இரண்டு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு, கிரைண்டருக்கு உதிரி பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். சரியான அளவு கேஸ்கெட்டைத் தேடி அலைவதுதான் இங்கே உண்மையான சிரமம்.

விதை, செடி, பச்சை இலை, இறைச்சி, பால் பொருள், தேன் ஆகியவற்றை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டு வராதீர்கள். விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் காய்ச்சிய நெய்யும் பால் பொருள்தான்.

நம் ஊர் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே ஓடுமா?

ஓடும். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. சுவரில் இருப்பது மூன்று பெரிய உருண்டைத் துளைகள். நம் ஊரில் ஏசி, கீசருக்குப் போடும் பெரிய பிளக் அப்படியே பொருந்தும். மிக்ஸியின் சிறிய பிளக் பொருந்தாது. இங்குள்ள எலெக்ட்ரிக் கடையில் நல்ல பிளக் ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். அடாப்டர் மேல் அடாப்டர் செருகினால் மிக்ஸி இழுக்கும் இழுப்பில் இணைப்பு தளர்ந்து சூடேறி உருகும்.

இட்லி அரிசி கிடைக்கவில்லை. எந்த அரிசி போடலாம்?

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் மலைபோல் அடுக்கியிருக்கும் சாதாரண நீள அரிசியே பெரும்பாலும் புழுங்கல் அரிசிதான். பையில் ‘பார்பாயில்டு’ என்று இருக்கும். புதிதாக வருபவர்கள் அதைப் பச்சரிசி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் இட்லி வரும், ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். நீள அரிசியில் ஊற்றும் இட்லி சூட்டில் நன்றாக இருந்து, ஆறியதும் விறைத்துவிடும். அதனால் 4 பங்குக்கு 1 பங்கு உளுந்து என்ற கணக்கை விட்டு, 3 கப் அரிசிக்கு 1 கப் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போடுங்கள். அரிசி அரைபடும்போது அரை கப் ஊறவைத்த அவல் சேர்க்க வேண்டும். அவல் இல்லையென்றால் அதே அளவு சோறு. அரிசி 6 மணி நேரம், உளுந்து 4 மணி நேரம் ஊறினால் போதும்.

உளுந்து பொங்கி வரவில்லையா? சரக்குப் பழையது. அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். 40 நிமிடம் அரைத்தும் மூழ்கினால் அந்தக் கடையில் உளுந்து வாங்குவதை நிறுத்திவிடுங்கள்.

மாவு புளிக்கவே இல்லை. என்ன தவறு?

எந்த மாதம், எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. இங்கே பருவம் தலைகீழ். பொங்கலும் தைப்பூசமும் கோடையில் வரும். ஆடி மாதம் நடுக்குளிரில் வரும். டர்பனில் ஜனவரியில் 6 முதல் 8 மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். இரவு 8 மணிக்குக் கரைத்துவைத்தால் விடிவதற்குள் மேடையில் வழிந்து கிடக்கும். ஜொகன்னஸ்பர்க்கில் ஜூன், ஜூலையில் அதே மாவு மறுநாள் மாலையிலும் கல்லுப்போல் உட்கார்ந்திருக்கும். இங்குள்ள வீடுகளில் அடுப்பங்கரையைச் சூடேற்றி வைக்கும் வழக்கமில்லை, இரவில் அறைக்குள்ளும் குளிர் இறங்கிவிடும்.

குளிர்காலத்தில் இப்படிச் செய்யுங்கள். கடைசியாக அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். உப்பைப் புளித்த பிறகு போடுங்கள். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும், கோடையில் அது உதவி, குளிரில் தடை. கையால் இரண்டு நிமிடம் கலக்குங்கள். ஓவனை 50 டிகிரியில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை உள்ளே வையுங்கள். 12 முதல் 14 மணி நேரம் ஆகும். ஓவன் கதவில் ‘மாவு இருக்கிறது’ என்று சீட்டு ஒட்டிவையுங்கள். வீட்டில் வேறொருவர் தெரியாமல் ஓவனை 180-க்குத் திருப்பிவிடும் விபத்து அடிக்கடி நடக்கிறது.

ஜொகன்னஸ்பர்க்கில் இட்லியை 10 நிமிடத்தில் இறக்காதீர்கள். 13 முதல் 15 நிமிடம் ஆகும். காரணம் அடுத்த பதிலில்.

ஜொகன்னஸ்பர்க்கில் பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம்?

நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். இங்கே பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு, பயறு சமைக்க நினைக்காதீர்கள். குக்கருக்குள்ளும் கடலோரத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே ஏறும் என்பதால், டர்பன் வீட்டில் 12 நிமிடம் என்றால் இங்கே 15 நிமிடம் வையுங்கள். சோற்றுக்கும் தண்ணீர் கொஞ்சம் கூட வேண்டும்: ஒரு கப் புழுங்கல் அரிசிக்கு இரண்டேகால் கப் என்று தொடங்கிப் பாருங்கள்.

விசில் எண்ணுவதையும் விட்டுவிடுங்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் இரும்புத் தட்டு மின்சார அடுப்போ கண்ணாடி மேல்பரப்பு மின்சார அடுப்போ இருக்கும். சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அணைத்த பிறகும் இரண்டு விசில் வரும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். தாளிப்புக்கும் இதே கவனம் வேண்டும். கடுகு வெடித்த பிறகு அணைத்தால் கறிவேப்பிலை கருகிப்போகும். கடுகு போட்டவுடன் அணைத்துவிட்டால் தட்டில் உள்ள சூட்டிலேயே வெடித்து முடியும். அடிப்பாகம் உருண்டையான வாணலி இந்த அடுப்புகளில் நிற்காது. இண்டக்ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடேறவே ஏறாது, காந்தம் ஒட்டும் பாத்திரமாக இருக்க வேண்டும்.

கடையில் எந்த மாவு எது?

மைதாவுக்கு இங்கே ‘கேக் ஃப்ளவர்’. பக்கத்திலேயே இருக்கும் ‘செல்ஃப் ரெய்சிங்’ மாவில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும். அதில் முறுக்கு பிழிந்தால் எண்ணெயில் உப்பி உடையும். வெள்ளை மக்காச்சோள மாவு ‘மீலி மீல்’. நம் ஊர் கார்ன்ஃப்ளவர், அதாவது குழம்பைக் கெட்டியாக்கும் மாவு, இங்கே ‘மைசீனா’ என்ற பெயரில் பெட்டியில் வரும். இரண்டையும் மாற்றி வாங்குபவர்கள் நிறைய. ரவைக் கேசரியைப் பழைய தமிழ் வீடுகளில் ‘சொஜி’ என்பார்கள். கீரை ‘ஹெர்ப்ஸ்’. டர்பன் கீரைக்காரரிடம் ‘ரெட் ஹெர்ப்ஸ்’ என்று கேட்டால் சிவப்புத் தண்டுக்கீரை கட்டித் தருவார். சேப்பங்கிழங்கு ‘மடும்பி’.

தயிர் உறை ஊற்றினால் கொழகொழவென்று இழுக்கிறது.

அமாசியை உறையாக ஊற்றியிருப்பீர்கள். அமாசி இந்நாட்டில் காலங்காலமாகக் குடிக்கும் புளித்த பால். அறை வெப்பத்தில் புளிக்கும் நுண்ணுயிர்கள் கொண்டது. வெதுவெதுப்பான பாலில் விட்டால் நம் தயிர்போல் கெட்டியாக வெட்டும்படி உறையாது. உறைக்கு, சர்க்கரை சேர்க்காத, உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாகப் பெட்டியில் எழுதிய கெட்டித் தயிர் வாங்குங்கள். ஒரு லிட்டர் ‘ஃபுல் கிரீம்’ பாலுக்கு இரண்டு தேக்கரண்டி.

ஆனால் அமாசியை ஒதுக்கிவிடாதீர்கள். மோர்க்குழம்புக்கும் கூழுக்கும் அதைவிடப் பொருத்தமானது இந்த நாட்டில் இல்லை. மோர்க்குழம்பில் கொதிக்கவிட்டால் திரியும். ஒரு தேக்கரண்டி கடலைமாவைக் கரைத்துச் சேர்த்து, நுரை கூடியதும் இறக்குங்கள்.

டர்பன் வீடுகளில் செய்யும் ‘சுகர் பீன்ஸ்’ கறி எப்படி?

இதை முதல் மாதமே பழகிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வோம். மலிவு, வயிறு நிறையும், ரொட்டிக்கும் சோற்றுக்கும் ஆகும், பிள்ளைகளின் டப்பாவுக்கும் ஆகும். சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெளிர் நிறத்தில் சிவப்புப் புள்ளி தெறித்த பயறு இது, ராஜ்மாவின் உறவு.

அரை கிலோ பயறை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், டர்பனில் 25 நிமிடம், ஜொகன்னஸ்பர்க்கில் 30 நிமிடம். ஒரு மணியை எடுத்து விரலிடையில் அழுத்துங்கள். தோல் முழுதாக இருக்க, உள்ளே மாவாக நசுங்க வேண்டும். நடுவில் சிறிய வெள்ளைக் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

தாளிக்க 3 மேசைக்கரண்டி எண்ணெய், சீரகம், இரண்டு வரமிளகாய், நறுக்கிய பெரிய வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, அரைத் தேக்கரண்டி மஞ்சள், 2 மேசைக்கரண்டி டர்பன் மசாலா. இந்த மசாலாவில் மிளகாய் தூக்கலாக இருக்கும், முதல் தடவை ஒன்றரைக் கரண்டியோடு நிறுத்துங்கள். மசாலாவை அரை நிமிடத்துக்கு மேல் வறுக்காமல் துருவிய இரண்டு தக்காளியைச் சேர்த்து, எண்ணெய் சிவப்பாகப் பிரியும்வரை விடுங்கள். பிறகு வெந்த பயறு, அதன் தண்ணீர், உப்பு. மூடி 20 நிமிடம் சிறு தீயில். கடைசியில் ஒரு கரண்டிப் பயறை பாத்திரத்தின் ஓரத்தில் நசுக்கிக் கலக்கினால் குழம்பு சேர்ந்து வரும். மேலே கொத்தமல்லி. ஆறு பேருக்குக் காணும்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். தக்காளியையோ புளியையோ வேகாத பயறோடு போட்டால் எத்தனை மணி நேரமானாலும் தோல் மெத்தென்று ஆகாது. இரண்டாவது, ஆபத்தானது: வேகாத பயறை நேராக ஸ்லோ குக்கரில் போடுவது. இந்தப் பயறில் உள்ள லெக்டின் என்ற நஞ்சு குறைந்த சூட்டில் அழியாது; வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஊறிய பயறைக் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே வேறெந்த முறைக்கும் போங்கள்.

அதற்குத் தொட்டுக்கொள்ளும் மெத்தென்ற ரொட்டி?

2 கப் கேக் ஃப்ளவர், அரைத் தேக்கரண்டி உப்பு, 2 மேசைக்கரண்டி வெண்ணெய். முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, ஐந்து நிமிடம் கழித்துச் சூடாகவே பிசையுங்கள். கொதிநீர் மாவின் ஒரு பகுதியை வேகவைத்துவிடுவதால் ரொட்டி மறுநாளும் முறியாது. வெதுவெதுப்பான நீரில் பிசைந்தால் அது சாதாரண மைதாச் சப்பாத்தி, ஆறியதும் தோலாகிவிடும். எட்டு ரொட்டி வரும்.

ஆடிக்குக் கூழ் காய்ச்ச கேழ்வரகு இல்லை.

இங்குள்ள மாரியம்மன் கோயில்களில் பல தலைமுறையாக மீலி மீல் கூழ்தான். ஒரு கப் மாவை ஒன்றரைக் கப் தண்ணீரில் கரைத்து மூடி, கோடையில் ஒரு நாள், குளிரில் இரண்டு நாள் புளிக்கவிடுங்கள். இதமான புளிப்பு வாசம் வரவேண்டும். இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ பூசணம் தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். 4 கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை நூலாக ஊற்றிக்கொண்டே கிளறி, சிறு தீயில் 25 நிமிடம். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாகக் கட்டி கட்டும், பிறகு என்ன கடைந்தாலும் உடையாது. ஆறியதும் 2 கப் அமாசி, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். ‘சூப்பர்’ என்று எழுதிய மாவு சீக்கிரம் வேகும். ‘ஸ்பெஷல்’ மாவில் தவிடு சற்று மிஞ்சியிருப்பதால் மணம் கூடுதல். கூழுக்கு ஸ்பெஷல்தான் நல்லது.

மின்வெட்டு இன்னும் உண்டா?

2024 மார்ச்சுக்குப் பிறகு பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஆயத்தமாக இருங்கள். பல வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர். வாங்கும்போது வரும் 20 இலக்க எண்ணை அழுத்தினால்தான் யூனிட் ஏறும். இரவு 10 மணிக்கு யூனிட் தீர்ந்துபோவதும் மின்வெட்டுதான்.

இந்நாட்டிலேயே 2008-இல் உருவான ‘வொண்டர்பேக்’ என்ற, சூடு காக்கும் நுரைப்பஞ்சுப் பை ஒன்று வாங்கிவையுங்கள். துவரம்பருப்பை மூடிய பாத்திரத்தில் 15 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி திறக்காமல் பைக்குள் இறக்கினால் மூன்று நான்கு மணி நேரத்தில் அடுப்பில்லாமலே வெந்திருக்கும். பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும்; அரைப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். குளிர்காலத்தில் மாவு புளிக்கவும் அதே பை.

அடுக்ககத்தில் கேஸ் சிலிண்டர் வைக்குமுன் ‘பாடி கார்ப்பரேட்’டிடம், அதாவது குடியிருப்புச் சங்கத்திடம், எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

வடகம், வற்றல் எப்போது போடலாம்?

ஜொகன்னஸ்பர்க்கில் சித்திரைக்காகக் காத்திராதீர்கள். மழை அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகமே இல்லாத வெயில், ஈரப்பதம் மிகக் குறைவு. குளிர் இருந்தாலும் கூழ் வடகம் இரண்டு நாளில் கலகலவென்று காயும். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். வடக்குப் பார்த்த ஜன்னலையோ முற்றத்தையோ தேர்ந்தெடுங்கள். பால்கனியில் துணியே காயப்போடக் கூடாது என்று விதியுள்ள குடியிருப்புகள் பல, அங்கே ஜன்னலுக்குள்ளே மேசை போட்டுக் காயவைக்கலாம்.

டர்பனில் குரங்குக்குப் பயப்பட வேண்டும். வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வந்து திறந்த ஜன்னல் வழியே பழம், ரொட்டி, வடகம் எல்லாம் அள்ளிப்போகும். அவற்றுக்கு ஒருமுறைகூட உணவு வைக்காதீர்கள், தெரு முழுவதற்கும் தொல்லையாகும்.

கறிவேப்பிலைக் கன்று ஏன் ஊரிலிருந்து கொண்டு வரக் கூடாது?

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். ஆரஞ்சு ஏற்றுமதி இந்நாட்டுக்குப் பெரிய வருமானம். கன்றை இங்குள்ள நர்சரியில் வாங்குங்கள். டர்பனில் வேலியோரம் தானே வளரும். ஜொகன்னஸ்பர்க்கில் தொட்டியில் வைத்து, மே முடிவில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். ஓர் இரவு உறைபனி பட்டால் கருகிவிடும்.

பக்கத்து வீட்டில் கோவெண்டர் குடும்பம். தமிழர்கள் என்கிறார்கள், தமிழ் பேசவில்லை. எப்படிப் பழகுவது?

கோவெண்டர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலி, படையாச்சி அப்படியே படையாச்சி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் வந்து நின்றது முதல், கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலோர். ஆங்கிலப் பள்ளியில் படித்த தலைமுறைகள் கடந்ததில் பேச்சுமொழி போய்விட்டது. காவடி, தேவாரம், கூழ், தாத்தா, பெரியம்மா என்ற சொற்கள் நிற்கின்றன. 1996 அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

‘வணக்கம்’ சொல்லுங்கள், பெரியவர்களை ‘அங்க்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழையுங்கள். ‘தமிழ் தெரியாதா?’ என்று கேட்காதீர்கள், அது காயப்படுத்தும். பெயரை வைத்துச் சாதி விசாரிக்கவே வேண்டாம். அவர்களிடம் கேட்க வேண்டியது சமையல்: இந்தத் தண்ணீரிலும் இந்தக் குளிரிலும் நம் உணவைச் செய்து பார்த்த நூற்று அறுபது ஆண்டு அனுபவம் அந்த அடுக்களையில் இருக்கிறது.

‘ஃபாஸ்டிங்’ என்றார்கள், ஆனால் சாப்பிட்டார்கள். புரியவில்லை.

இங்குள்ள இந்துக் குடும்பங்களில் ‘ஃபாஸ்டிங்’ என்றால் பெரும்பாலும் மீன், இறைச்சி, முட்டை தவிர்ப்பது. வாரத்தில் சில நாள், காவடிக்கு முன் பத்து நாள், புரட்டாசி முழுவதும். அந்த நாட்களில் உணவு கொடுத்தால் இறைச்சி சமைக்காத பாத்திரத்தில் சமைத்ததா என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். கேக்கில் முட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். முஸ்லிம் வீடுகளுக்கு ஹலால் கடை இறைச்சி என்றாலும் முதலில் கேட்டுவிட்டே அனுப்புங்கள். சந்தேகமாக இருந்தால் சாம்பார் சாதம்.

‘ஜஸ்ட் நவ் வருகிறேன்’ என்றவர் வரவில்லை.

இங்கே ‘ஜஸ்ட் நவ்’ என்றால் பிறகு, எப்போதாவது. ‘நவ் நவ்’ என்றால் கொஞ்ச நேரத்தில். தோசைக்கல்லை அதற்குத் தக்கபடி அடுப்பில் போடுங்கள்.

ஜூலு பேசும் அண்டை வீட்டாருக்கு எப்படி வணக்கம் சொல்வது?

ஒருவரிடம் ‘சாவுபோனா’, பலரிடம் ‘சனிபோனானி’. வேலையைச் சொல்வதற்கு முன் வணக்கம், நலம் விசாரிப்பு, காவலாளியிடமும் அப்படித்தான். மூத்த பெண்மணி ‘கோகோ’ அல்லது ‘மாமா’. பின்னது அம்மா என்று பொருள்படும், நம் மாமன் இல்லை. எதையும் இரண்டு கையாலும், அல்லது வலக்கையை இடக்கையால் தாங்கியும் கொடுங்கள், வாங்குங்கள்.

முதன்முதலில் என்ன செய்து கொடுக்கலாம்? எதில் கொடுப்பது?

எலுமிச்சைச் சாதம், உளுந்து வடை, ரவைக் கேசரி. மூன்றும் ஆறினாலும் நன்றாக இருக்கும், யாருக்கும் புதிதாகத் தோன்றாது. வடையைச் சுட்டவுடன் மூடினால் ஆவியில் நமுத்துவிடும். பத்து நிமிடம் கம்பி வலையில் ஆறவிட்டு, காகிதம் விரித்த டப்பாவில் அடுக்குங்கள். இங்கே காலி ஐஸ்கிரீம் டப்பாவில் பண்டம் அனுப்புவது எல்லா வீட்டிலும் வழக்கம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். குழம்பைக் கொதிக்கக் கொதிக்க அதில் ஊற்றினால் மட்டும் டப்பா நெளிந்து மூடி பொருந்தாது. கண்ணாடிப் பாத்திரம் என்றால் அடியில் டேப் ஒட்டி வீட்டு எண்ணை எழுதிவையுங்கள். தீபாவளி வாரத்தில் ஒரே மாதிரிப் பாத்திரங்கள் தெரு முழுவதும் சுற்றும்.